இரண்டு பேரையும் பிடிக்காதவர்கள்

மகள் விரும்பிய பையனின் பெற்றோர் அமெரிக்காவிலிருந்து எங்களைப் பார்க்க வருவதாக இருந்தது. பையன் லண்டனில்தான் வேலை செய்கிறான். பிள்ளைகள் தங்களுக்குள் முடிவெடுத்து ஒரு வருடமாகிவிட்டது. பெரியவர்கள் சரி என்று சொல்வது மட்டும்தான் மிச்சம்.

நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. பையனின் தகப்பன் பொறியியலாளர், தாய் கணக்காளர். அவர்களோடு என்ன கதைப்பது என்று ஒரு கிழமையாகப் பயந்துகொண்டிருந்தேன். மகள் அதற்கு மேலும் ஒன்று சொல்லிவைத்தாள்.

"அப்பா, பிளீஸ், அமெரிக்க எலெக்‌ஷன் கதை மட்டும் எடுக்காதேங்கோ. அவை ரெண்டு பேரும் ரெண்டு கட்சி. போன மாசம் மூண்டு நாள் முகம் பாக்கேல்லையாம்."

"எனக்கென்ன பிள்ளை அமெரிக்காவில வேலை?" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு லண்டன் மனோர் பார்க்கில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பையனுக்கு அன்று வேலை. பயணம், குளிர், இங்கத்தைய வீட்டு விலை எல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்துபோயின. மனைவி சமையலைப் பார்க்கக் குசினிக்குப் போனாள். மகளும் பின்னால் போனாள். நாங்கள் மூன்று பேரும் தேத்தண்ணிக் கோப்பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த அமைதியைத் தாங்க முடியாமல் நான் ரிமோட்டை எடுத்து டிவியைப் போட்டேன்.

செய்தி ஓடியது. அமெரிக்க வேட்பாளர்கள் இரண்டு பேரும் திரை நிறைய நின்றார்கள். பதறிப்போய் அணைக்கப் பார்த்தேன். விரல் தவறிச் சத்தம்தான் கூடியது.

"பாத்தீங்களே அண்ணை, இந்த ஆளின்ர கதையை? வாயைத் திறந்தால் பொய்," என்றார் தகப்பன்.

"ஓம்," என்றேன்.

"மற்ற ஆள் மட்டும் என்ன திறமே?" என்றார் தாய். "ஊருக்கெல்லாம் வாக்குறுதி. செய்தது ஒண்டுமில்லை."

"ஓம்," என்றேன் அதற்கும்.

தகப்பன் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "அண்ணை, ரெண்டு பக்கமும் தலையாட்டக் கூடாது. நீங்கள் அங்க இருந்தால் ஆருக்குப் போடுவியள்?"

"சொல்லுங்கோ அண்ணை," என்றார் தாய். "இவருக்கு வெளியாக்கள் சொன்னால்தான் ஏறும்."

குசினியில் சத்தம் நின்றுவிட்டது. மகள் கதவடியில் வந்து நின்றாள். ஒருவர் பக்கம் சொன்னால் மற்றவருக்கு நான் பகை. அவள் முகத்தைப் பார்த்தபின் எனக்கு ஒரு பொய்யும் வாயில் வரவில்லை.

"எனக்கு ரெண்டு பேரையும் பிடிக்கேல்லை," என்றேன்.

தாய் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தார்.

"எனக்கும்தான் பிடிக்கேல்லை," என்றார் தாய்.

தகப்பன் அவரைத் திரும்பிப் பார்த்தார். "என்ன? பிறகென்னத்துக்கு அந்த ஆளுக்குத்தான் போடுவன் எண்டு நிக்கிறீர்?"

"உங்கட ஆள் வந்திடக் கூடாது எண்டுதான்."

"அது என்ர ஆளோ? உம்மட ஆள் வந்திடும் எண்ட பயத்தில எல்லே நான் அங்க போடுறன்!"

"இதை முதலே சொல்லியிருக்கலாமே."

"நீர் கேட்டனீரே?"

தாய்தான் முதலில் சிரித்தார். "இந்த ரெண்டு சனியனுக்காக உங்களை மூண்டு நாள் பட்டினி போட்டிட்டனே," என்றார். "பட்டினியோ? நான் பீட்சா சாப்பிட்டனான்," என்றார் தகப்பன். மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

என்ன சத்தம் என்று பார்க்க மனைவி கரண்டியோடு ஓடிவந்தாள்.

"தங்கச்சி, எலெக்‌ஷன் முடிய, தையில வைப்பம் கலியாணத்தை," என்றார் தகப்பன் அவளிடம். "முந்தி வைச்சால் எங்கட சனம் மண்டபத்துக்குள்ளேயே அடிபடும்." பிறகு என் தோளில் கையை வைத்தார். "என்ன சம்பந்தி, சரியே?"

சம்பந்தி என்று அவர் சொன்னது மகளுக்குக் கேட்டதா என்று பார்த்தேன். கேட்டிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஒரு கிழமையாக எனக்குச் சாப்பாடு ஒழுங்காக இறங்கவில்லை. அன்று மத்தியானம் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.