பல் இல்லாத பூதங்கள்

நான் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை நடுவராக உட்கார்ந்திருக்கிறேன். பாட்டுக்கும் இல்லை, கோலத்துக்கும் இல்லை, பூதங்களுக்கு.

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் சரோஜினி நகரில் ஒற்றை அறை குவார்ட்டர்ஸில் இருந்தோம். நாங்கள் என்றால் நான், அம்மா, கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த தங்கை. இருந்தது ஒரு கட்டில். முறை போட்டுக்கொண்டு படுத்தோம். நான் ஒரு அமைச்சகத்தில் துணைச் செயலாளர் ஒருவரிடம் ஸ்டெனோ. அடுத்த படி பெர்சனல் அசிஸ்டென்ட், அதாவது பி.ஏ. பதவி. அது வந்தால் வேறு அமைச்சகத்துக்கு மாற்றம் வரும், இரண்டு அறையும் பால்கனியும் உள்ள வீடும் வரும். வருவதும் வராததும் அதிகாரி வருஷக் கடைசியில் என்னைப் பற்றி எழுதும் ரகசிய அறிக்கையைப் பொறுத்தது. அந்த வருஷம் பதவி உயர்வுக்கு என் முறை. வீட்டைக் கண்ணால் பார்க்காமலே, பால்கனியின் எந்த மூலையில் துளசித் தொட்டி வைப்பது என்று அம்மா தீர்மானித்துவிட்டாள்.

அந்த அதிகாரியேதான் எங்கள் வட்டாரத் தமிழ்ச் சங்கத்துக்கும் தலைவர். சங்கத்துக்குத் தமிழ் தெரிந்தவர் தலைவராக வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. பதவியில் பெரியவர் தலைவர், அவ்வளவுதான்.

அந்த நாளில் சென்னை வாரப் பத்திரிகை ஒன்றில் ஒரு பூதக் கதை தொடராக வந்துகொண்டிருந்தது. மலைக்குகையில் வாழும் பூதம். நெற்றியில் ஒற்றைக் கண், முதுகெல்லாம் செதில். அமாவாசைக்கு அமாவாசை இறங்கி வந்து, வீட்டுக்கு ஒருவராகத் தின்றுவிட்டுப் போகும். டில்லித் தமிழர்களுக்கு அதன்மேல் அப்படி ஒரு மோகம். பத்திரிகை இங்கே வந்து சேர நாலைந்து நாள் பிந்தும். அதற்குள் சென்னையிலிருந்து யாராவது வந்து இறங்கினால், காப்பிப் பொடி கொண்டுவந்தாயா என்று கேட்பதற்கு முன்னால், பூதம் யாரைத் தின்றது என்று கேட்பார்கள். ஆசிரியருக்கு என்ன அவசரமோ, ஒரு வாரம் திடீரென்று பூதத்தை மனம் திருந்தவைத்துக் கோயில் வாசலில் காவலுக்கு நிறுத்திக் கதையை முடித்துவிட்டார். எங்கள் தெருவே துக்கம் காத்தது. "இத்தனை பேரைத் தின்னுட்டு இப்ப திருந்தறதாம், திருந்தறது!" என்று பால் வரிசையில் ஒரு மாமா குமுறினார்.

சங்கம் சும்மா இருக்குமா? ஆண்டு விழாவை ஒட்டிப் போட்டி அறிவித்தது. அதே பூதத்தை வைத்து அவரவர் சொந்தக் கதை எழுதலாம். புனைபெயரில் எழுத வேண்டும். உண்மைப் பெயரைத் தனி உறையில் போட்டு ஒட்டித் தர வேண்டும். முதல் பரிசு நாலடுக்கு எவர்சில்வர் டிபன் காரியர். பரிசு பெற்ற கதை விழா மேடையில் வாசிக்கப்படும்.

நடுவர்கள் மூன்று பேர். தலைவர், செக்‌ஷன் ஆபீசர் ஒருவர், நான். என் கதை ஒன்று எப்போதோ அச்சில் வந்திருந்ததால் என்னைப் போட்டதாகத் தலைவர் சொன்னார். உண்மையில் குறிப்பு எழுதவும் டைப் அடிக்கவும் ஒரு ஆள் வேண்டியிருந்தது. டில்லித் தமிழ்ச் சங்கம் என்பது ஞாயிற்றுக்கிழமை நடக்கும் இன்னொரு அரசாங்க ஆபீஸ். கதைகளைக்கூட ஃபைலில் கோத்து, நாடா கட்டித்தான் தீர்ப்பு சொல்வார்கள். கடைநிலை நடுவர் எல்லாவற்றையும் படித்துக் குறிப்பு எழுதி மேலே அனுப்ப வேண்டும். அடுத்தவர் குறிப்பைப் படித்துவிட்டு ஒப்புக்கொள்வார். தலைவர் கையெழுத்துப் போடுவார். மேலே போகப் போகப் படிப்பது குறையும், கையெழுத்து பெரிதாகும்.

அறிவிப்பு வந்த வாரம், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அதிகாரி மணியடித்தார். நான் நோட்டும் பென்சிலுமாகப் போய் உட்கார்ந்தேன்.

"அச்சா, எழுதிக்கோம்மா," என்று கண்ணை மூடிக்கொண்டு இங்கிலீஷில் ஆரம்பித்தார். முதலில் ஏதோ பாராளுமன்றக் கேள்விக்குப் பதில் என்று நினைத்தேன். இரண்டாவது வாக்கியத்தில்தான் பூதம் வந்தது. சகல அம்சங்களையும் கவனமாகப் பரிசீலித்தபின், கிராமத்தைத் தின்பது தற்போதைக்கு உசிதமல்ல என்ற முடிவுக்குப் பூதம் வந்தது. அதன்பின் ஊர்ப் பெரியவர்கள் ஐவர் கொண்ட குழு ஒன்றைப் பூதம் அமைத்தது. குழு அறிக்கை தந்தது. பூதம் அறிக்கையைக் கொள்கை அளவில் ஏற்றுக்கொண்டது. கதை அங்கே முடிந்தது.

"தமிழ்ல அழகா போட்டுடு. நீதான் கதையெல்லாம் எழுதறவளாச்சே."

"சார், நான் நடுவர்..."

"அதனால என்ன? நானும்தான் நடுவர். அது வேற கெபாசிட்டி, இது வேற கெபாசிட்டி." கண்ணைத் திறந்து சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். "உன் ப்ரமோஷன் ரிப்போர்ட் இந்த வருஷம்தானே எழுதணும்?"

"ஆமாம் சார்."

"எழுதிடலாம், எழுதிடலாம்," என்றார், ரொம்பப் பிரியமாக.

அன்று பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிப் போய்விட்டேன். பயம்தான். வேறு என்ன?

அவர் கதையைத் தமிழில் போட்டேன். பூதத்துக்கு ஒரு உறுமல், இருட்டில் ஒரு வாசனை, குழு உட்கார்ந்த ஆலமரத்தில் ஒரு ஆந்தை என்று என் பங்குக்கு நாலு சேர்த்தேன். என்ன சேர்த்தாலும் பூதம் பரிசீலித்துக்கொண்டேதான் இருந்தது. கழுதைக்குச் சேணம் கட்டினால் குதிரையாகுமா?

மற்றக் கதைகள் வந்து குவிந்தன. குளிர் காலம். ஞாயிற்றுக்கிழமை வீட்டு முன்னால் புல்தரையில் கட்டிலைப் போட்டு, வெயிலில் உட்கார்ந்து படித்தேன். தொடர் அப்படி முடிந்ததற்கு வானத்துக்கும் பூமிக்கும் குதித்தவர்கள் எழுதிய கதைகள் இவை. ஒருவர்கூடத் தன் பூதத்தை யாரையும் தின்ன விடவில்லை. ஒரு கதையில் பூதம் சைவம். தயிர்சாதத்தைப் பார்த்ததும் கண்ணீர் விடுகிறது, ஒற்றைக் கண்ணால். இன்னொன்றில் அதற்குச் சர்க்கரை வியாதி, மனித மாமிசம் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கணக்குத் துறைக்காரர் ஒருவரின் பூதம் முதல் வரியிலேயே செத்துப்போகிறது. மீதி ஏழு பக்கமும் அதன் பிள்ளைகளுக்கு அவர் சொல்லும் புத்திமதி. டில்லியில் பிறந்து வளர்ந்த பெண் ஒருத்தி வாயால் சொல்ல, அவள் அம்மா எழுதியது என்று பார்த்தாலே தெரிந்த கதையில், கதாநாயகி பூதத்தின் மூக்குக்கு நேரே விரலை ஆட்டி, "ஏ பய்யா, ஜல்தி போ!" என்று ஹிந்தி கலந்து விரட்டுகிறாள். பூதமும் அச்சா என்று போய்விடுகிறது. அது ஒன்றுதான் என்னைச் சிரிக்கவைத்தது.

படித்துக்கொண்டிருக்கும்போதே தலைமேல் தண்ணீர் சொட்டியது. மாடி வீட்டுக்காரி. திருநெல்வேலிப் பக்கம். அவளுக்கும் எனக்கும் கொடிக்கயிற்றுத் தகராறு வருஷக்கணக்கில் நடந்தது. பிழியாத போர்வையை என் தலைக்கு நேரே உலர்த்துவதில் அவளுக்கு ஒரு சந்தோஷம். அண்ணாந்து கத்தினேன். அவள் கைப்பிடிச் சுவரிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"தண்ணிதான சொட்டுது, தீயா சொட்டுது? காஞ்சிரும்லா!"

முந்தானையால் துடைத்துவிட்டு, நனைந்த கதையை எடுத்துப் படித்தேன். பூதம் டில்லிக்கு வருகிறது. படுக்கைச் சுருளும் கையுமாக ஒரு குவார்ட்டர்ஸ் கதவைத் தட்டி, ஊர்ப் பெயரைச் சொல்லி, "ரெண்டே நாள்தான், தாஜ் மகால் பார்த்துட்டுக் கிளம்பிடுவேன்" என்கிறது. ஊர்க்காரனை வெளியே நிறுத்த முடியுமா? உள்ளே விடுகிறார்கள். முதலில் அரிசியைத் தின்கிறது. அப்புறம் அண்டை வீட்டு ஆட்டை. அப்புறம் மைத்துனனை. வீட்டில் ஒருவர் குறைந்ததைப் பார்த்து மற்றவர்கள், விருந்தாளி முன்னால் பேச வேண்டாம் என்று சும்மா இருக்கிறார்கள். கடைசியில் புருஷனும் போய்விடுகிறான். அடுக்களையில் கரண்டியோடு அந்த வீட்டுப் பெண் ஒருத்திதான் மிச்சம். என்னை ஏன் விட்டுவைத்தாய் என்று கேட்கிறாள். பூதம் வாயைத் துடைத்துக்கொண்டு சொல்கிறது: "உன்னையும் தின்னுட்டா நாளைக்கு யாரு சமைப்பா?"

கட்டிலில் கிடந்த சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். வெயிலில்தான் உட்கார்ந்திருந்தேன். வந்த கதைகளில் பல் உள்ள பூதம் அது ஒன்றுதான்.

அதற்கு அப்புறம் என்னால் அந்தக் குழு அமைத்த பூதத்துக்குப் பரிசு கொடுக்க முடியவில்லை. வீரமெல்லாம் இல்லை, எரிச்சல். அவர் கதைக்குப் பரிசு என்றால் நான் சேர்த்த ஆந்தைக்கு நானே பரிசு கொடுத்துக்கொள்வதாகும். அந்த அளவுக்கு என் ஆந்தை எனக்குப் பிடிக்கவும் இல்லை. பால்கனியையும் துளசித் தொட்டியையும் ஒரு தரம் நினைத்துக்கொண்டு, ஒளிவுமறைவு இல்லாமல் குறிப்பு எழுதினேன். விருந்தாளிப் பூதத்துக்கு முதல் பரிசு. பரிசீலிக்கும் பூதத்தைப் பற்றி, 'இதில் பூதம் எதையும் செய்யவில்லை. பரிசுக்கு உரியதல்ல' என்று எழுதினேன். கடைசி வரி வழக்கம்போல, 'உத்தரவுக்காகச் சமர்ப்பிக்கப்படுகிறது'.

செக்‌ஷன் ஆபீசர் கதைக் கட்டை அவிழ்க்கவே இல்லை. "பூதக் கதையெல்லாம் படிச்சா எனக்குத் தூக்கம் வராதும்மா," என்று சொல்லி, என் குறிப்புக்குக் கீழே ஒப்புதல் எழுதினார்.

அதிகாரியிடம் நானே கொண்டுபோய் வைத்தேன். மனுஷர் கடைசி வரியைத்தான் படிப்பார், அதற்கு மேலே உள்ளதெல்லாம் கீழே இருப்பவர்களின் வேலை. இந்தத் தடவையாவது படிப்பார் என்று நினைத்தேன். பக்கமெல்லாம் திறந்துதான் இருந்தது.

"எல்லாம் சரியா இருக்கில்லையா?"

"சரியா இருக்கு சார்."

கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, "இன்னொண்ணும் எழுதிக்கோ," என்றார். பரிசு கிடைத்தால் பேசுவதற்கு ஒரு ஏற்புரை. 'இதை நான் சற்றும் எதிர்பார்க்கவில்லை' என்று ஆரம்பித்தது. அதையும் தமிழில் போட்டு, டைப் அடித்துக் கொடுத்தேன்.

விழா அன்று புதுச் சால்வையோடு மேடையில் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் ஏற்புரை. செயலாளர், "தலைவர் அவர்கள் அங்கீகரித்த முடிவின்படி" என்று முழங்கி உறையைக் கிழித்துப் பெயரை வாசித்தார். தலைவர் பாதி எழுந்தேவிட்டார். எதிரே கூட்டத்திலிருந்து பட்டுப்புடவை சரசரக்க எழுந்து வந்தது என் மாடி வீட்டுக்காரி.

நான் வாயைப் பிளந்தேன். வருஷக்கணக்காக என் தலையில் தண்ணீர் சொட்டவிட்டவளுக்கு என் கையாலேயே முதல் பரிசு! தலைவரின் கை இரண்டு மூன்று தடவை சட்டைப் பைக்குப் போய்த் திரும்பியது. டிபன் காரியரைக் கொடுத்தார். அவள் அதை மைக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கதையைத் தன் ஊர்ப் பேச்சில் ஏற்ற இறக்கத்தோடு வாசித்தாள். கடைசி வரிக்குப் பெண்கள் பக்கம் கைதட்டியது. ஆண்கள் பக்கம் யாரோ இருமினார்கள். தலைவர் என்னைப் பார்த்தார். நான் டிபன் காரியரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை மேலே போர்வை தொங்கியது. அண்ணாந்து பார்த்தேன். "பரிசு குடுத்தீங்கன்னு கொடிய மாத்த முடியுமாக்கும்?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும்தான்.

ஆபீசில் அவர் வழக்கம்போலவே கடிதம் சொல்லிக்கொண்டிருந்தார். மார்ச்சோடு ஆபீஸ் வருஷம் முடிந்து, ஏப்ரலில் மணியடித்தார். பிரிவில் எல்லாருடைய அறிக்கைகளையும் ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டு வந்தார். ஸ்டெனோவின் அறிக்கையை ஸ்டெனோவிடமே சொல்லக் கூடாது, கையால் எழுதி மூடி வைக்க வேண்டும். அது அவருக்குத் தெரியும். ஆனால் அவர் கையால் எழுதி எத்தனை காலமாகிவிட்டது! கண்ணை மூடியபடியே என் பெயருக்கு வந்தார், நிறுத்தவில்லை.

கடின உழைப்பாளி. நேரம் தவறாதவர். முடிவெடுக்கும் திறன் இன்னும் முதிரவில்லை. மேற்பார்வையின்றிச் செயல்பட ஏற்றவரல்லர். தற்போதைய பணியிலேயே இவர் தொடர்வது பிரிவின் நலனுக்கு உகந்தது.

"அச்சா, திருப்பிப் படி."

படித்தேன். என் குரல் எனக்கே யாரோ பேசுவதுபோல இருந்தது.

"சரியா இருக்கா?"

"சரியா இருக்கு சார்."

"ஜல்தி அடிச்சுக் கொண்டா."

டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்தேன். என்னைத் தண்டிக்க வேண்டும் என்பது பாதிதான் என்று அப்போது புரிந்தது. நான் பி.ஏ. ஆகிப் போய்விட்டால் நாளைக்கு அவருக்கு யார் டைப் அடிப்பது? கதை எழுதியபோது மாடி வீட்டுக்காரி இந்த மனுஷரோடு ஒரு வார்த்தை பேசியதுகூடக் கிடையாது. எழுதிவிட்டாளே பாவி என்று இருந்தது.

அவர் படிக்காமல்தான் கையெழுத்துப் போடுவார். இரண்டு வரியை மாற்றினால் போதும். தங்கைக்கு ஒரு கட்டில், அம்மாவுக்குத் துளசித் தொட்டி. விரல்கள் விசைகளின்மேல் அப்படியே நின்றன. கண் கலங்கியது கோபத்தில். இத்தனை வருஷத்தில் அவர் சொன்ன எதையும் சொன்னபடியே நான் அடித்ததில்லை. கோணல் வாக்கியத்தை நிமிர்த்துவேன், விட்ட இடத்தை நிரப்புவேன், வேண்டிய இடத்தில் ஆந்தையை உட்காரவைப்பேன். அவர் பெயரில் வெளியே போன நல்ல வாக்கியம் ஒவ்வொன்றும் என்னுடையது. இந்த ஐந்து வரியில் மட்டும் நான் கை வைக்கவில்லை. அப்படியே அடித்துக் கொண்டுபோய் வைத்தேன். படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

யார் துணையும் இல்லாமல் அந்த மனுஷர் சொந்தமாகப் படைத்த ஒரே பூதம் அது. அதற்குப் பல் இருந்தது.