பெரியவரின் மோதிரமும் என் முடிச்சும்

மலேசியாவில், ஈப்போ பக்கத்துக் குனோங் ராபாட்டில் நான் பெட்டிக்காரன். சவப்பெட்டி செய்வேன், பிணத்தைக் குளிப்பாட்டிக் கோட்டு மாட்டிவிடுவேன். செத்தவர்களோடு எனக்கு ஒருநாளும் தகராறு வந்ததில்லை. சொந்தக்காரர்கள்தான் சனியன்கள்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு கிறிஸ்தவ வீட்டில் பெரியவர் போய்ச் சேர்ந்தார். ஆயர் தாவார் ரப்பர் தோட்டத்துப் பழைய கங்காணி. காலையில் நான் கோட்டு மாட்டும்போது விரலில் கல்யாண மோதிரம் இருந்தது. பத்து மணிக்கு இல்லை. அவர் மனைவி மருமகளைக் கைகாட்டினார். அவள் இந்து வீட்டுப் பெண். வேறு சாட்சி தேவைப்படவில்லை.

"பெட்டி கெளம்புறதுக்குள்ள மோதிரம் வரலன்னா இவ சிம்பாங் பூலாய்க்கே போய்றட்டும் லா, அவ அம்மா வீட்டுக்கு."

மகன் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனையும் பெட்டியில் போட்டு ஆணி அடிக்கலாம்போல எனக்கு ஆத்திரம் வந்தது.

பெட்டியைச் சரிசெய்யணும் என்று எல்லாரையும் வெளியே அனுப்பினேன். பெரியவரின் தாடையைக் கட்டிய துணியில் முடிச்சு வலது காதோரம் இருந்தது. நான் எப்போதும் இடப்பக்கம்தான் போடுவேன். அவிழ்த்தேன். வாய் நிறையப் பச்சரிசி, நடுவில் மோதிரம். மோதிரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு துணியை மறுபடி கட்டினேன்.

வாய்க்கரிசியும் தங்கமும், இந்து வீட்டு முறை. இதைச் சொன்னால் மருமகள் தலையில்தான் விடியும். வெளியே கூடாரத்தில் பெரியவரின் அக்கா உரக்கப் பாடிக்கொண்டிருந்தார். வாய்க்கரிசி அஞ்ஞானம் என்று ஊரையே திட்டுகிறவர். அவர் பாட்டுப் புத்தகத்தின் மடிப்பில் நாலு அரிசி ஒட்டியிருந்தது. தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"நான் தூக்கி வளத்த புள்ள, தம்பி. வெறும் வாயோட எப்படி அனுப்புவேன்? பாஸ்டருக்குத் தெரிஞ்சா என் மானம் போயிரும்."

"அதுக்கு அந்தப் பொண்ணு மானம் போகணுமாக்கா?"

அவர் பாட்டுப் புத்தகத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். கடைசியில் நானே பெரியவரின் மனைவியிடம் போய், கோட்டு மாட்டும்போது கழற்றி என் பையில் போட்டு மறந்துவிட்டேன் என்று மோதிரத்தை நீட்டினேன். மருமகள் வீட்டில் தங்கினாள். அதற்குப் பிறகு ஈப்போ பக்கம் எந்தச் சாவு வீட்டுக்குப் போனாலும் பிணத்தின் விரலுக்கு ஒருவர் காவல் நின்றார்.

எண்பதுகளில் அந்த அக்காவும் போனார். ஜெபத்துக்குக் கண்ணை மூடச் சொன்னார் பாஸ்டர். பெட்டியருகே நின்ற என் கையில் யாரோ எதையோ திணித்தார்கள். பார்த்தால் மருமகள், என் உள்ளங்கையில் பச்சரிசி.

"பெரியத்த போன வாரந்தான் எல்லாத்தயும் சொல்லி அழுதாங்க, அண்ணே. வெறும் வாயோட அனுப்பாதீங்க."

அக்காவின் தாடைத் துணியை அவிழ்த்தேன். அவள் மறைத்து நின்றுகொண்டாள். எல்லாரும் ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது, இடப்பக்கம் முடிச்சைப் போட்டு முடித்திருந்தேன்.