இறுகிப்போன ஜாயிண்டும் மீதமிருந்த பத்து நாள்களும்

1. சுத்தியல் செய்த வேலை

ஐந்தாவது அடியை அடித்த பிறகுதான் கவனித்தேன். ஆக்சில் நட்டை முனையில் திரும்பப் பூட்டாமலே அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். மரை முழுவதும் நசுங்கி, முனை காளான் தலைபோல் விரிந்துவிட்டது.

இருபத்தெட்டு ஆண்டுகளாக இந்த வேலையில் இருப்பவன் நான். சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பிலிருந்து ஆக்சிலை, அதாவது டிரைவ்‌ஷாஃப்ட்டைத் தட்டி வெளியே எடுக்கும்போது, முனையில் நட்டை வைத்துக்கொண்டுதான் அடிக்க வேண்டும். இதை வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்வோம். அன்று எனக்கு அவசரம். அடுத்த கார் வாசலில் காத்திருந்தது. அந்தத் தண்டின் வெளி நுனியிலுள்ள ஜாயிண்ட்டோ துருவேறி, ஹப்போடு ஒரே இரும்பாகிவிட்டதுபோல் அசையாமல் நின்றது. கோபத்தில் அடித்தேன்.

பதினைந்து வயதான சின்ன கார் அது. இடப்பக்கமோ வலப்பக்கமோ முழுதாகத் திருப்பினால் முன் சக்கரத்தில் ‘டக் டக்’ என்று சத்தம் வரும். வெளி ஜாயிண்ட் தேய்ந்துவிட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம். காரைச் சாலையில் ஓட்ட அரசாங்கம் கொடுக்கும் உரிமமான சிஓஇ முடிய இன்னும் பத்து நாள்தான். ஏற்கெனவே ஐந்தாண்டு நீட்டித்தாகிவிட்டது. இனி நீட்டிக்க வழியில்லை. பத்து நாளில் உடைக்க ஸ்கிராப் யார்டுக்குப் போகவேண்டிய காருக்கு எதற்குப் புது ஜாயிண்ட் என்று எங்கள் முதலாளி செல்வம் கேட்டார். எனக்கும் புரியவில்லை. ஆனால் காரைக் கொண்டுவந்த பரமேஸ்வரி அக்கா பிடிவாதமாக இருந்தார்.

அன்று மாலை அவரை அழைத்து, ஜாயிண்ட் கழன்று வரவில்லை என்று மட்டும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். துருவின்மேல் பழியைப் போட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அந்த முனையையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு அழைத்தேன்.

“அக்கா, அவசரப்பட்டு அடிச்சு முனைய நானே கெடுத்துட்டேன். இனி கழட்டுறது இன்னும் கஷ்டம்.”

அந்தப் பக்கம் தொலைக்காட்சியை அணைத்தார்.

“கழட்ட ஏலுமா தம்பி?” என்று கேட்டார்.

உறுதியாகச் சொல்ல முடியவில்லை, முயன்று பார்க்கிறேன் என்றேன். நாளைக்கு வந்து இருந்து பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டார். செல்வம் எனக்கு மறுநாள் பிற்பகல் மூன்று மணிவரை நேரம் கொடுத்தார். அதற்குமேல் காரை உயர்த்தி வைத்திருந்த லிஃப்ட்டை விட்டுக்கொடுத்தாக வேண்டும்.

2. மழையில் ஒரு பிற்பகல்

காலையில் முதல் வேலையாக விரிந்த முனையைக் கிரைண்டரில் தேய்த்துச் சிறிதாக்கினேன். ஹப்பின் துளைக்குள் நுழையும் அளவுக்கு அது வர ஒரு மணி நேரம் பிடித்தது. துருவை இளக்கும் எண்ணெயை ஊற்றினேன். சக்கர போல்ட்டுகளில் ஹப்பை இழுக்கும் கருவியான புல்லரைப் பூட்டி, நடுத் திருகாணியை ஆக்சில் முனையில் முட்டக் கொடுத்து இறுக்கினேன். திருகாணி இறுக இறுக, புல்லர் ஹப்பைத் தன் பக்கம் இழுக்கும்; ஆக்சில் உள்ளே தள்ளப்படும். ஓரளவுக்குமேல் இறுக்கினால் ஹப் வளைந்துவிடும். இந்த மாடலுக்கு வேறு ஹப் தேடிப் பிடிப்பதற்குள் பத்து நாளும் போய்விடும்.

கால் சுற்று இறுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. எண்ணெய் விட்டுக் காத்திருந்தேன். இன்னொரு கால் சுற்று. அதற்குமேல் என் கைக்கே பயம் வந்துவிட்டது.

பரமேஸ்வரி அக்கா பஸ்ஸில் வந்து இறங்கியபோது மழை பிடித்துக்கொண்டது. எங்கள் வட்டாரமான புக்கிட் மேராவின் அடுக்குமாடிகள் ஒவ்வொன்றாக வெள்ளையில் கரைந்து மறைந்தன. ஒர்க்‌ஷாப்பின் தகரக் கூரையில் விழுந்த மழைச் சத்தத்தில் மற்ற சத்தமெல்லாம் அடங்கிவிட்டது. எண்ணெய் வாசமும் ஈர மண் வாசமும் கலந்து வந்தன. பகல் பன்னிரண்டுக்கே விளக்குப் போட்டிருந்தோம். லிஃப்ட்டில் உயரே நின்ற அந்தச் சின்ன கார், விளக்கொளியில் தண்ணீருக்குள் மிதப்பதுபோல் இருந்தது.

நான் ஒரு ஸ்டூலில், அவர் ஒரு ஸ்டூலில். இரண்டு கோப்பி. செய்வதற்கு வேலை எதுவும் இல்லை. கைகளைச் சும்மா வைத்துக்கொண்டு ஒரு காரைப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை. மழை எங்களைச் சுற்றி ஒரு திரைபோல் இறங்கிக்கொண்டே இருந்தது. மணி என்னவென்றே தெரியவில்லை.

அந்த நேரத்தில்தான் அவர் தன் கதையைச் சொன்னார். ஒரு பள்ளி அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் கிளார்க்காக இருந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கார் அண்ணனுடையது. அறுபது வயதைத் தாண்டி, நான்கு முறை தோற்று, ஐந்தாவது முறையில் லைசென்ஸ் எடுத்திருக்கிறார். ஆனால் ஒரு நாள்கூட அண்ணன் அவரைத் தனியாக ஓட்ட விட்டதில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து, பிரேக், சிக்னல், மெதுவா என்று சொல்லிக்கொண்டே வருவாராம். இடப்பக்க சீட்டின் கீழே கார்ப்பெட் வழுக்கையாகத் தேய்ந்திருப்பதை நான் முதல் நாளே பார்த்திருந்தேன். அங்கே பெடல் எதுவும் கிடையாது. இல்லாத பிரேக்கை அந்த மனிதர் ஏழெட்டு வருடமாக மிதித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் அண்ணன் வெளிநாட்டில் பெர்த் நகரிலுள்ள மகளிடம் போய்விட்டார். அதற்குப் பிறகும் பக்கத்து வீட்டுக்காரர் யாரையாவது உட்கார வைத்துக்கொண்டுதான் அக்கா ஓட்டியிருக்கிறார்.

“ஒருக்கா தனிய ஓட்டிப் பாக்கவேணும். அதுக்குப் பிறகு கார் போகட்டும்” என்றார். கோப்பிக் கோப்பையைப் பார்த்தபடி சொன்னார், என்னைப் பார்த்து அல்ல.

எழுந்துபோய் இன்னொரு கால் சுற்று இறுக்கிவிடலாமா என்று கை பரபரத்தது. அப்படியே உட்கார்ந்திருந்தேன். மழை கொஞ்சம் குறைந்தது. கண் செருகியதோ என்னவோ, அந்தக் கார் மெதுவாக மூச்சு விடுவதுபோல் தோன்றியது.

‘டங்’ என்று ஒரு சத்தம்.

கோயில் மணியை ஒரே ஒரு தடவை தட்டி நிறுத்தியதுபோல் இருந்தது. காரை யாரும் தொடவில்லை. ஆக்சில் ஹப்புக்குள் ஒரு விரல் அகலம் பின்வாங்கியிருந்தது. ஓடிப்போய் புல்லரைக் கழற்றிக் கையால் தள்ளினேன். வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. அக்கா என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். மணி இரண்டே முக்கால்.

3. சாலைச் சோதனை

பழையது கழன்றுவிட்டதால் செல்வம் லிஃப்ட்டை மாலைவரை விட்டுக்கொடுத்தார்; அன்றே, முனையும் சேர்ந்தே வரும் புது ஜாயிண்ட்டைப் பூட்டினேன். வீல் பேரிங் என் அடியில் கெட்டிருக்குமோ என்று பயந்து, சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் காதை வைத்துக் கேட்டேன். சத்தமில்லை. ஆக்சில் நட்டை, இறுக்கத்தின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச்சில் இறுக்கி, கழன்றுவிடாதபடி அதன் விளிம்பைத் தட்டி மடக்கினேன். மறுநாள் காலை நானே பக்கத்துச் சாலைகளில் ஓட்டி, கார் பார்க்கில் இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்த்தேன். பிறகு சாவியை அக்காவிடம் கொடுத்தேன்.

புக்கிட் மேராவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அரை மணி நேரத்தில் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அரை மணி ஒரு மணியானது. போன் அடித்தேன், எடுக்கவில்லை. நட்டை மடக்கினேனா? மடக்கியது நினைவிருந்தது. ஆனாலும் மனம் நம்பவில்லை. சாலைக்கும் லிஃப்ட்டுக்குமாக நடந்தேன். செல்வம் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

கடைசியில் அக்காவே அழைத்தார்.

“தம்பி, லேன் மாத்த ஏலாம எக்ஸ்பிரஸ்வேல ஏறிட்டன். இப்ப கிராஞ்சில நிக்கிறன். இங்க ஒரே செடி நர்சரியா இருக்கு.”

கிராஞ்சி ஊரின் மறுகோடியில் இருக்கிறது. அப்படியே இருங்கள், நான் வருகிறேன் என்றேன்.

“வேணாம் தம்பி. எனக்குப் பயமா இல்ல. இன்னும் கொஞ்சம் ஓட்டிட்டு வாறன்.”

பிற்பகலில் திரும்பி வந்து, வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே காரை நேராக நிறுத்தினார். சேலையில் புல் ஒட்டியிருந்தது.

இந்தத் தொழிலுக்கு வருபவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இரண்டுதான். நீங்கள் கெடுத்ததை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். எவ்வளவு இறுக்க முடியுமோ அவ்வளவு இறுக்கிய பிறகு, கையை எடுத்துவிட்டுக் காத்திருங்கள். இரண்டாவதைக் கற்றுக்கொள்ள எனக்கு இருபத்தெட்டு ஆண்டுகள் ஆயின.

பத்தாவது நாள் காலையில் அக்காவை அழைத்து, ஸ்கிராப் யார்டுக்குக் காரை யார் கொண்டுபோகிறார்கள், நான் வரட்டுமா என்று கேட்டேன்.

“நான்தான் கொண்டு போறன்” என்றார். “திரும்பி வாறதுக்கு எந்த பஸ் என்று மட்டும் சொல்லுங்கோ.”