பாக்கெட்டில் இருந்த பேட்டரி

நாங்கள் அட்டைப்பெட்டி ஒட்டுவதைப் பார்ப்பதற்காகவே சென்னையிலிருந்து இரண்டு பேர் எங்கள் ஊர் நூலகத்துக்கு வந்தார்கள் என்று சொன்னால், இப்போது என்னோடு வேலை செய்கிறவர்கள் நம்புவதில்லை. அப்போது எங்கள் ஊரிலும் யாரும் நம்பவில்லை.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். கும்மிடிப்பூண்டிக்குப் போகும் சாலையில் ரேஷன் கடையும் நூலகமும் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு நிற்கும். மண்ணெண்ணெய் ஊற்றும் நாளில் புத்தகங்களும் மணக்கும். வந்த இருவரில் ஒருவர் கண்ணாடி போட்ட சார். இன்னொருவர் ஓர் அக்கா. கையில் எப்போதும் நீல அட்டை போட்ட நோட்டு வைத்திருப்பார் என்பதால் அவர் எங்களுக்கு நோட்டு அக்கா. ஏதோ கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறவர்கள். ஒரு குடும்பம் சேர்ந்து உட்கார்ந்து ஒரு பொருளைச் செய்யும்போது பெரியவர்களிடமிருந்து பிள்ளைகளுக்கு என்ன போய்ச் சேருகிறது என்று பார்ப்பதுதான் அவர்கள் வேலை. நூலகர் வீடு வீடாக வந்து இதை விளக்கினார். அம்மா மக்கள்தொகைக் கணக்கு என்று நினைத்து ரேஷன் கார்டை எடுத்து வைத்துக்கொண்டார். எதிர்வீட்டில், தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்கப் போகிறார்கள், அதற்கு முன்னால் இப்படித்தான் பிள்ளைகளுக்குப் பென்சில் கொடுப்பார்கள் என்று பேசிக்கொண்டார்கள்.

விதி ஒன்றுதான். பிள்ளை தனியாக வரக் கூடாது. வீட்டுப் பெரியவர் ஒருவர் கூடவே உட்கார்ந்து செய்ய வேண்டும். மொத்தம் நாலு ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் இருக்கிற ஏதாவது ஒரு தொல்லைக்கு வழி சொல்லும் பொருளாக இருக்க வேண்டும். நாலாவது ஞாயிறு எல்லோரும் செய்து காட்டினால், ஒரு குடும்பத்தைத் தேர்ந்தெடுத்து, திருவள்ளூரில் பெரிய நூலகத்தில் நடக்கும் கண்காட்சிக்கு வேனில் கூட்டிப் போவார்கள்.

நான் அதுவரை திருவள்ளூரைப் பார்த்ததில்லை. பள்ளி அடையாள அட்டையிலும் ரேஷன் கார்டிலும் எங்கள் ஊர்ப் பெயருக்குக் கீழே அது அச்சாகியிருக்கும். எல்லாக் காகிதத்திலும் என் கூடவே வருகிற ஊர் எப்படித்தான் இருக்கும் என்று எனக்கு ஒரு ஏக்கம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வேனில் ஏறி அந்த ஊருக்குப் போகிற முதல் ஆளாகவும் நானே இருக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

கூட வந்தவர் அப்பா. நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். இரும்புக் கம்பி உருட்டும் ஒரு மில்லில் காண்டிராக்ட் வேலை. மற்ற நேரத்தில் எங்கள் முக்கால் ஏக்கர் நெல் வயல். ஞாயிற்றுக்கிழமை தூங்க வேண்டியவரை அம்மா எழுப்பி என்னோடு அனுப்பினார்.

முதல் ஞாயிறே எனக்கு மானம் போயிற்று. மற்ற மேசைகளில் அப்பாக்களும் அம்மாக்களும் கத்தரிக்கோலுக்குப் பிள்ளைகளோடு சண்டை போட்டார்கள். நைனா மட்டும் பரீட்சைக்கு வந்த பையன் மாதிரி இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நோட்டு அக்கா எங்கள் பக்கம் வந்தாரோ இல்லையோ, எழுந்து இரண்டடி பின்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டார். அக்கா உட்காரச் சொன்னார். நைனா தலையை ஆட்டினார், உட்காரவில்லை. நோட்டோடு ஒருவர் வந்தால் மெஷினை விட்டுத் தள்ளி நிற்க வேண்டும், கேட்டால் ஒழியப் பேசக் கூடாது என்பது மில்லில் அவருக்குப் பழகிப்போன ஒன்று. எனக்கு அதெல்லாம் தெரியாது. என் அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது என்பது மட்டும்தான் தெரிந்தது.

வீட்டில் அவர் வேறு ஆள். அம்மா நெல் தூற்றக் காற்றுக்காகக் களத்தில் காத்து நிற்பார். அதுதான் எங்கள் வீட்டுத் தொல்லை என்று நான் நோட்டில் எழுதிவிட்டேன். நூலகத்தில் கொடுத்த சின்ன மோட்டாரை ஓர் அட்டைப்பெட்டிக்குள் பொருத்தி, முன்னால் அட்டை இறக்கை வைத்தேன். இறக்கை நன்றாகத்தான் சுற்றியது, காற்றுதான் வரவில்லை. ஷிப்டு முடிந்து வந்த நைனா சட்டையைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, எண்ணெய் டின்னை வெட்டி நாலு இறக்கை செய்தார். ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினார்.

"இறக்க நேரா இருந்தா காத்த வெட்டும், அவ்ளோதான். சாஞ்சி இருந்தாதான் தள்ளிவுடும்" என்றார்.

மோட்டாரை ஓடவிட்டு ஒரு பிடி நெல்லை மேலிருந்து கொட்டினோம். பதர் தனியாகப் பறந்து அம்மாவின் குழம்புச் சட்டியில் விழுந்தது. அம்மா திட்டினார். நைனா சிரித்தார். வாசற்படியில் நின்றிருந்த சித்தப்பா, விசிறி சுற்ற ஆரம்பித்ததும் வலது கையை லுங்கி மடிப்புக்குள் செருகிக்கொண்டார். அந்தக் கையில் இரண்டு விரல் கிடையாது. ஏன் என்று கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒரு கதை சொல்வார். பழவேற்காட்டு நண்டு கவ்விக்கொண்டு போனது என்பார். கணக்குத் தெரியாததால் வாத்தியார் வாங்கி வைத்துக்கொண்டார் என்பார். அவர் பள்ளிக்கூடமே போனதில்லை என்பதால் இரண்டாவது கதையைத்தான் நான் நம்பவில்லை.

நைனாவிடம் எனக்குப் பிடிக்காத வழக்கம் ஒன்று இருந்தது. சுற்றும்போது இறக்கை பெட்டியில் உரசும். நிமிர்த்திவிட நான் கையை உள்ளே விட்டால், உடனே பெட்டியின் பின்பக்கம் இருக்கும் பேட்டரியைக் கழற்றித் தன் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வார். நான் "ஆச்சு நைனா" என்று சொன்ன பிறகு திரும்ப மாட்டுவார். பேட்டரி தீர்ந்துவிடும் என்று சிக்கனம் பிடிக்கிறார் என்று நினைத்தேன்.

நாலாவது ஞாயிறு வந்தது. கண்ணாடி சார், நோட்டு அக்கா, நூலகர், ஊர்ப் பெரியவர்கள் நாலைந்து பேர் கூட்டமாக ஒவ்வொரு மேசையாக வந்தார்கள். மூன்றாவது மேசை எங்களுடையது. நான் நோட்டில் எழுதிவைத்துப் படித்ததை ஒப்பித்துக்கொண்டே, இறக்கை உரசுகிறதா என்று பெட்டிக்குள் கையை விட்டு ஒருமுறை பார்த்தேன். பிறகு நிமிர்ந்து, "இப்போது ஓடும்" என்று மேடைத் தமிழில் அறிவித்து சுவிட்சைப் போட்டேன்.

ஓடவில்லை.

மறுபடி போட்டேன். ஒயரை முறுக்கினேன். கையை உள்ளே விட்டு இறக்கையைச் சுற்றிப் பார்த்தேன். முறம் நிறைய நெல்லை வைத்துக்கொண்டு அம்மா நின்றார். நைனா எனக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். யாரோ சிரித்தார்கள். கண்ணாடி சார் மிகவும் அன்பாக, பரவாயில்லை தம்பி, யோசனை நல்ல யோசனை என்றார். அந்த அன்பு எனக்குச் சிரிப்பை விட மோசமாக இருந்தது. கூட்டம் அடுத்த மேசைக்கு நகர்ந்தது. அங்கே தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் மணி அடிக்கும் ஒரு பொருள். அது சொல்லிவைத்தாற்போல அடித்தது.

பெட்டியை எடுத்துத் தரையில் அடிக்கலாம் என்று திருப்பியபோதுதான் பார்த்தேன். பின்பக்கம் பேட்டரி இல்லை. திரும்பினேன். நைனாவின் சட்டைப் பாக்கெட் சதுரமாகப் புடைத்திருந்தது.

"கைய எடுத்துட்டேன்னு நீ சொல்லவே இல்லியேப்பா" என்றார் மெதுவாக.

கேட்டிருக்கலாமே என்று நான் கத்தினேன். அவர் பேட்டரியை எடுத்து மாட்டினார். விசிறி ஓடியது. ஒருவரும் பார்க்காத காற்று.

ஒருவரும் என்று சொல்லக் கூடாது. நோட்டு அக்கா கூட்டத்தோடு போகாமல் நின்றிருந்தார். ஏன் கழற்றினீர்கள் என்று நைனாவைக் கேட்டார். நைனா இரண்டடி பின்னால் போனார்.

"தப்புதாம்மா. இனிமே செய்ய மாட்டேன்."

தப்பு இல்லண்ணா, தெரிந்துகொள்ளக் கேட்கிறேன் என்று அக்கா மூன்று தடவை சொன்ன பிறகு நைனா வாயைத் திறந்தார். மில்லில் ஒருவன் மெஷினுக்குள் கையை விட்டால், பக்கத்தில் இருப்பவன் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ள வேண்டும். கையை எடுத்துவிட்டேன் என்று உள்ளே இருப்பவன்தான் சொல்ல வேண்டும்.

"நாம கேக்கக் கூடாதும்மா. கேட்டா அவசரப்படுவான்."

அக்கா நோட்டைத் திறந்து வெகு நேரம் எழுதினார். மணி அடித்த மேசைக்கு இரண்டு வரிதான் எழுதியிருப்பார். எங்களுக்கு ஒரு பக்கத்துக்கு மேல் போனது. நாங்கள் எப்படித் தோற்றோம் என்பதை விவரமாக எழுதுகிறார் என்று நினைத்து நான் அழுதேன்.

புதன்கிழமை பள்ளி விட்டு வரும்போது அக்கா நூலக வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார். மணி செய்த குடும்பத்தோடு எங்களையும் திருவள்ளூருக்குக் கூட்டிப்போக ஆசை என்றார். நான் விசிறியைச் சரி செய்துவிடுவதாகச் சொன்னேன். விசிறியும் வரட்டும், ஆனால் முக்கியமாக உன் அப்பா அந்த ஃபியூஸ் விஷயத்தை எல்லோருக்கும் சொல்ல வேண்டும், அதற்காகத்தான் என்றார். சனிக்கிழமை காலையில் வேன் வரும், அப்பாவுக்குத் தோதுப்படுமா என்று கேட்டார்.

எங்கள் தோல்வியை நைனா வாயாலேயே மேடையில் சொல்ல வைக்கப் போகிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. பாக்கெட்டில் பேட்டரியை வைத்துக்கொண்டு மகனைத் தவிக்கவிட்ட மனிதர், திருவள்ளூரில், அத்தனை பேர் முன்னால், கையைக் கட்டிக்கொண்டு தப்புதாம்மா என்று சொல்வதை நினைத்துப் பார்த்தேன்.

"நைனாவுக்கு சனிக்கிழம ஷிப்டு இருக்குக்கா. வர முடியாது" என்றேன்.

நான் யோசித்துச் சொன்ன முதல் பொய் அதுதான். அக்கா முகம் வாடியது. சரி என்றார். வீட்டில் நான் எதுவும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை நைனா வீட்டில்தான் இருந்தார். விடியும் முன்பே எழுந்து முகம் மழித்து, கல்யாணத்துக்கு மட்டும் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். வேன் சாலையில் வந்தது. நூலகத்தில் நின்றது. மணிக்காரர்களை ஏற்றிக்கொண்டு எங்கள் வீட்டைத் தாண்டிப் போனது. அது வளைவில் திரும்பி மறையும் வரை நைனா பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு வயலுக்குப் போனார். எந்தக் கல்யாணத்துக்குப் போக மறந்தார் என்று நான் யோசித்தேன்.

டிப்ளமோ முடித்து நானும் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். முதல் நாள் பாதுகாப்பு வகுப்பு. திரையில் படம் போட்டு, கையில் ஒரு சிவப்புப் பூட்டைக் கொடுத்தார்கள். மெஷினுக்குள் கை வைக்கும் முன் மின்சாரத்தை நிறுத்தி இந்தப் பூட்டைப் போட வேண்டும், சாவி உன் பாக்கெட்டில் இருக்க வேண்டும் என்றார் பயிற்சி கொடுத்தவர். வெளிநாட்டுக்காரர்கள் எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் பாருங்கள் என்றும் சொன்னார். என் பக்கத்தில் இருந்தவர்கள் குறிப்பு எழுதினார்கள். நான் சாவியைப் பாக்கெட்டில் போட்டு, அது துணியில் எவ்வளவு கனக்கிறது என்று தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம், ஒரு காலத்தில் நைனாவோடு அதே மில்லில் இருந்த சித்தப்பாவைத் தேடிப் போனேன். வரப்பில் உட்கார்ந்து மடை திருப்பிக்கொண்டிருந்தார். விரல் போன அன்றைக்கு ஃபியூஸ் கட்டை யார் பாக்கெட்டில் இருந்தது என்று கேட்டேன். நண்டுக் கதையைச் சொல்ல வாயெடுத்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"யார் பாக்கெட்லயும் இல்ல. அப்ப அந்தப் பழக்கமே கெடையாது. உங்க நைனாதான் பக்கத்துல இருந்தாரு. ஆச்சாடா, ஆச்சாடான்னு கேட்டுக்கினே இருந்தாரு. நானும் ஆச்சுன்னுட்டேன்." மடையில் ஒரு கை மண்ணை வைத்து அழுத்தினார். "அதுக்கப்புறம் அவுரா ஆரம்பிச்சதுதான் பாக்கெட்டு."

அவரே தொடர்ந்தார்.

"லைப்ரரிக்காரரு டீக்கடைல சொன்னாருன்னு, திருவள்ளூர்ல என்னிய பேசக் கூப்புட்டுகிறாங்கடான்னு அப்பிடி ஒரு சந்தோசம். சட்டைய என்கிட்ட குடுத்து தேச்சிக்கினு வரச் சொன்னாரு. அப்பறம் இன்னாவோ, போவல. ஏன்னு கேட்டேன். லைப்ரரில விசாரிச்சேன், பையன் எனக்கு ஷிப்டுன்னு அவங்ககிட்ட சொல்லிக்கிறான், வுட்றான்னுட்டாரு."

இப்போது வயல் மோட்டாரை நைனா கழற்றிப் பார்க்கும் நாட்களில் நான்தான் ஃபியூஸ் கட்டையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறேன். ஆச்சா என்று கேட்பதில்லை. அவரே "கைய எடுத்துட்டம்பா" என்கிற வரை நிற்பேன். அந்தச் சனிக்கிழமையைப் பற்றி நான் அவரிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. இத்தனை வருஷத்தில் அவரும் ஒரு தடவை கூடக் கேட்டதில்லை.