ஸ்பீக்கர் அக்கா

போன் அடித்தால் அக்கா ஸ்பீக்கரை அழுத்தி இஸ்திரி மேசைமேல் வைத்துவிடுகிறார். யார் கூப்பிட்டாலும் இதுதான். சலவைக்கடைக்கு வரும் அழைப்பு, கடையில் நிற்கும் எல்லாருக்கும் கேட்கவேண்டும். தெருவே அவரை ஸ்பீக்கர் அக்கா என்கிறது. நாத்தனார் ஒருமுறை போனில் தன் மாமியாரைப் பற்றி ஆரம்பித்து, பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டாராம்.

போன வருஷம் வரை இந்தப் பழக்கம் இல்லை. வங்கியிலிருந்து என்று கணவருக்கு ஓர் அழைப்பு. "யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றது குரல். மனிதர் அழுக்குமூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, கேட்ட எண்ணையெல்லாம் ஒப்பித்தார். முடிவில் நன்றியும் சொன்னார். புது மெஷினுக்குச் சேர்த்தது மொத்தமும் போயிற்று. அக்கா ஒரு வார்த்தை திட்டவில்லை. "அவரு முட்டாள் இல்லீங்க. தனியா மாட்டிக்கிட்டாரு, அவ்வளவுதான்."

நேற்று கடையில் நல்ல கூட்டம். போனில் புதுக்குரல்: "கரண்ட் ஆபீஸ்லேருந்து பேசறேன். பில் பாக்கி. நான் சொல்ற நம்பருக்கு இப்பவே அனுப்பலேன்னா பத்து நிமிஷத்துல கட்."

"பாக்கியே இல்லையே தம்பி."

"மேடம், ஸ்பீக்கரை ஆஃப் பண்ணிட்டு தனியா வாங்க."

"எதுக்கு? காதலைச் சொல்லப் போறீங்களா?"

பக்கத்துக் கடைத் தையல்காரர் எட்டிப்பார்த்தார். "வெக்கப்படாம சொல்லுங்க தம்பி, நாங்களும் கேக்கறோம்!"

குரலின் மரியாதை கழன்றது. "இருட்டுல உக்காந்தாத்தான் உனக்குப் புத்தி வரும்."

"கட் பண்ணிக்கோ, போ."

எல்லாரும் சிரித்தார்கள், கணவரைத் தவிர. மெஷினில் ஒரு விடுதியின் படுக்கை விரிப்புகள் அலசலில் இருந்தன. சாயங்காலம் போய்ச் சேராவிட்டால் அந்த வாடிக்கையே கைவிட்டுப் போகும். "நிஜமாவே கட் பண்ணிட்டா? அனுப்பித் தொலைச்சிடலாமே" என்று தன் போனை எடுத்தார்.

"கீழ வைங்க அதை."

அக்கா கரண்ட் பில்லில் அச்சடித்திருந்த எண்ணுக்கே போன் போட்டார். அதுவும் ஸ்பீக்கரில். 'தயவுசெய்து காத்திருக்கவும்' என்று ஒரு பதிவுக்குரல், பிறகு பாட்டு. பாட்டு முடிந்து மறுபடியும் அதே குரல், அதே பாட்டு. சிரிப்பு அடங்கியது. ஒவ்வொருவராக மேலே சுழலும் மின்விசிறியைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

அக்கா எழுந்து சுவிட்ச் பலகைக்குப் போனார். சும்மா கிடந்த இரண்டாவது மெஷின், மூலை விளக்கு, மிச்சமிருந்த விசிறி என்று ஒன்றுவிடாமல் ஆன் பண்ணினார். கடைசியாக வாசல் பெயர்ப்பலகை விளக்கையும், உச்சிவெயிலில்.