வட்டக்கானலில் தொங்கிய பூண்டு

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது அப்பா என்னை ஓர் ஓவியக்கூடத்துக்கு அழைத்துப் போனார். எங்கள் மலைக்கிராமமான கூக்காலிலிருந்து ஓவியம் பார்க்க யாரும் பஸ் ஏறியதாக நான் கேள்விப்பட்டதில்லை. நாங்களும் அதற்காகப் போகவில்லை.

அந்த வருடம் விடாத மழையில் பூண்டு மண்ணுக்குள்ளேயே அழுகியது. விதைக்கென்று அடுப்புப் புகையில் கட்டியிருந்ததும் பூசணம் பிடித்தது. ஊரில் எல்லார் வீட்டிலும் அதே கதி. கீழ்நாட்டு விதை எங்கள் குளிருக்குத் தேறாது. விதை கிடைக்காவிட்டால் தோட்டம் சும்மா கிடக்கும்.

வட்டக்கானலில் ஒரு விடுதியில் வேலை பார்த்த சித்தப்பாதான் செய்தி கொண்டுவந்தார். மழைக்கு முன் நாங்கள் தோண்டியதில் ஒரு சாக்குப் பூண்டை அவர் மூலமாக வாங்கிப் போன பெண், அதைச் சமைக்கவும் இல்லை, விற்கவும் இல்லை. ஓர் அறை முழுக்கத் தொங்கவிட்டிருக்கிறாராம்.

"ஒரு பல்லுகூட அழுகலண்ணே. பளபளன்னு கெடக்கு. வெளியூர்க்காரங்க கும்பிடாத கொறையா நின்னு பாக்குறாங்க. நம்ம என்னடான்னா அத நசுக்கி ரசத்துல போட்டுக்கிட்டு இருந்திருக்கோம்."

அப்பா சிரிக்கவில்லை. அன்று என் நோட்டில் மூன்று விஷயங்களை எழுதச் சொன்னார். பாதிப் பூண்டைக் கேட்க வேண்டும். அடுத்த முறை தோண்டும்போது அதே அளவு திருப்பிக் கொடுப்பதாகச் சொல்ல வேண்டும். முடியாது என்றால் வற்புறுத்தக் கூடாது. இங்கிலீஷில் ஏதாவது எழுதியிருந்தால் படித்துச் சொல்ல என்னையும் கூட்டிக்கொண்டார். வெறுங்கையோடு போகக் கூடாதென்று ஒரு பை கேரட் எடுத்துக்கொண்டோம்.

தகரக் கூரை போட்ட இரண்டு அறை வீடு அது. அனுமதி இலவசம் என்று வாசலில் எழுதியிருந்ததை அப்பா இரண்டு முறை படிக்கச் சொன்னார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் ஷூ போட்டிருந்தார்கள்.

நாற்பது கயிறு, கயிற்றுக்கு இருபது பூண்டு. எண்ணூறு என்று பெருக்கிச் சொன்னேன். அதில் பாதியே எங்கள் கீழ்த்தோட்டத்துக்குப் போதும் என்றார் அப்பா. சுவரில் ஒட்டியிருந்த அட்டையில் பூண்டு, நைலான் நூல், ரெசின் என்று இருந்தது. கடைசி வார்த்தைக்கு எனக்கு அர்த்தம் தெரியவில்லை. அப்பா ஒரு பூண்டைப் பிடித்து, வேர் இருக்கும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். விரல் வழுக்கியது. இன்னொன்றை அழுத்தினார். பிறகு அடுத்த கயிற்றுக்குப் போனார்.

அதைச் செய்த அக்கா எங்களைப் பார்த்து வந்தார். மதுரைக்காரர்.

"பயப்படாம தொடுங்கண்ணா, ஒண்ணும் ஆகாது. அழுகக் கூடாதுன்னு மேல மூணு கோட்டிங் குடுத்திருக்கோம்."

"மொளைக்காதுங்களா?"

"மொளைக்கவே மொளைக்காது. பத்து வருஷம் ஆனாலும் இப்படியேதான் இருக்கும்."

ஆறுதலாகத்தான் சொன்னார். அப்பா பூண்டைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு கயிறு ஆடாதபடி மெதுவாக விட்டார்.

"அப்ப சரிங்க" என்றார்.

நான் நோட்டைத் திறந்தேன். அப்பா அதை உள்ளங்கையால் மூடினார். கேரட் பையை அந்த அக்காவிடம் கொடுத்து, எங்கள் தோட்டத்தில் விளைந்தது என்றார். பூண்டும் எங்களுடையதுதான் என்று தெரிந்ததும் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். அப்பாவை அதன் கீழே நிற்கவைத்துப் படம் எடுத்தார். வருகிறவர்கள் எழுதும் நோட்டில் பெயர், ஊர், கருத்து என்று மூன்று கட்டங்கள் இருந்தன. மூன்றாவதில் என்ன எழுத என்று கேட்டேன்.

"நல்லா வச்சிருக்காங்கன்னு எழுதும்மா."

முத்து முத்தாக எழுதினேன்.

பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. சித்தப்பா வேலை பார்க்கும் விடுதியின் பின்பக்கம் எனக்கு பிரெட் ஆம்லெட் கிடைத்தது. அண்ணன் தம்பி இருவரும் தள்ளி உட்கார்ந்து பேசினார்கள். "நீ எப்படிண்ணே இங்க வந்து..." என்று சித்தப்பா ஆரம்பித்தது மட்டும் காதில் விழுந்தது. அவர் முடிக்கவில்லை.

அடுத்த வாரம் அப்பா ஒரு கம்பளியும் இரண்டு சட்டையும் எடுத்துக்கொண்டு வட்டக்கானல் போனார், அதே விடுதிக்குக் காவலுக்கு. பதினைந்து நாளுக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவார். கீழ்த்தோட்டத்தில் முழங்கால் உயரம் புல் நின்றது.

பள்ளிக்கூடத்தில் கேட்டவர்களிடம் நான் பெருமையாகச் சொன்னேன்: எங்கள் பூண்டைத் தொங்கவிட்டிருக்கும் அறை அப்பாவுக்கு அவ்வளவு பிடித்துவிட்டது, தினமும் போய்ப் பார்ப்பதற்காகவே அங்கே வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.