செல்வி மிஸ்ஸின் மணிக்கட்டு

“அக்கா, கையக் கொண்டாங்க!”

காலையில் வகுப்பு தொடங்கினால் போதும், பக்கத்து வீட்டு ஆரோக்கியசெல்வியின் குரல் மதிலைத் தாண்டி வந்துவிடும். குழம்பு கொதித்தாலும் சரி, கீரை பாதி ஆய்ந்தபடி கிடந்தாலும் சரி, நான் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு போய் அவள் வீட்டு மேசையில் கையை நீட்ட வேண்டும். கொரோனா வந்து நர்சிங் கல்லூரியை மூடியதிலிருந்து பாகூரில் என் வலது கைக்குத்தான் ஏக கிராக்கி.

செல்வி அந்தக் கல்லூரியில் ஆசிரியை. வீட்டிலிருந்து பாடம் எடுக்கும்போதும் வெள்ளைக் கோட்டு, கறுப்பு ஷூ. “கால் போன்ல தெரியாதுடி” என்றால், “எனக்குத் தெரியுதே!” என்பாள். போனை அரிசி டப்பாவில் சாய்த்து, என் மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து, “இங்க பாருங்கம்மா, இந்தப் பள்ளத்துல” என்று திரையிடம் சொல்வாள். திரையில் முகம் ஒன்றும் இருக்காது, வெறும் பெயர்கள்தான். “யாராச்சும் இருக்கீங்களா?” என்று அவள் கேட்கும்போது எனக்கே பாவமாக இருக்கும்.

கல்லூரியில் இப்படியில்லையாம். ஒவ்வொரு பிள்ளையின் விரலையும் பிடித்துத் தன் மணிக்கட்டில் வைத்து அழுத்துவாளாம். “பயத்துல வெரலு ஜில்லுனு இருக்கும்க்கா. நாடி கெடச்சதும் மூஞ்சி மாறும் பாருங்க, அதுக்குத்தான் நான் வேலைக்கே போறேன்.” சொல்லிக்கொண்டே தன் மணிக்கட்டைத் தடவிக்கொள்வாள். அந்த ஏக்கத்துக்கு என் கை எந்த மூலைக்கு?

ஒருநாள், வீட்டில் மூன்று பேருக்கு நாடி பார்த்துவரச் சொல்லியிருந்தாள். கரியமாணிக்கம் ஊர் மாணவி வெண்ணிலா முதலில் சொன்னாள். திருபுவனை கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கும் அப்பா, அடுப்படியில் அம்மா, ஓடியாடிவிட்டு வந்த தங்கச்சி. மூவருக்கும் ஒரே எண்ணிக்கை!

“இன்னாடி இது, வூட்ல எல்லாருக்கும் ஒரே துடிப்பா? கட்டவெரலால புடிச்சியா?”

“ஆமா மிஸ்” என்றாள் வெண்ணிலா. கட்டைவிரலுக்கே ஒரு துடிப்பு உண்டாம். அதைக்கொண்டு பிடித்தால் நம்முடையதையே எண்ணிவிடுவோமாம். அந்தப் பெண் மூன்று முறையும் தன்னையே எண்ணியிருக்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது. செல்விக்கு வரவில்லை.

“அடுத்த மாசம் இதுங்கள வார்டுல வுடப் போறாங்கக்கா. அங்க ஒருத்தருக்கு நாடி எறங்கிகினு இருக்கும், இது தன்னோடத எண்ணிகினு நிக்கும். கிட்ட இருந்தா அந்த வெரல நான் பாத்திருக்க மாட்டேனா?” என்றாள் வகுப்பு முடிந்ததும். போனை எடுத்து வெண்ணிலாவைக் கூப்பிட்டாள். “லாக்டவுன் வுட்டதும் மொத வேலையா எங்க வூட்டுக்கு வா.”

ஊரடங்கு தளர்ந்த வாரமே வெண்ணிலா அப்பாவின் பைக்கில் வந்து இறங்கினாள். மாஸ்க்குக்கு மேல் கண் மட்டும் தெரிந்தது. வாசல் குழாயில் இருவரும் சோப்புப் போட்டுக் கை கழுவினார்கள். பழக்க தோஷத்தில் நான் என் கையை நீட்டினேன்.

“உங்களுது வேணாம்க்கா” என்று செல்வி கோட்டின் கையை மடித்துவிட்டுத் தன் மணிக்கட்டை நீட்டினாள். வெண்ணிலாவின் கட்டைவிரல்தான் முதலில் வந்தது. அதைத் தள்ளிவிட்டு, அடுத்த இரண்டு விரல்களைப் பிடித்து வைத்து அழுத்தினாள். பிறகு அந்தப் பெண்ணின் கண்கள் விரிந்தன.

“எண்ணிட்டேன் மிஸ்.”

எவ்வளவு என்று செல்வி கேட்கவே இல்லை.

“இன்னொரு தபா எண்ணு” என்றாள், கையை இழுத்துக்கொள்ளாமல்.